தலைக்கு மேலே ஒரு தோட்டம்

கீழ்வீட்டு ரெஜினா டீச்சரின் மகள் பிரிசில்லா போன் செய்தபோது மணி பத்து. "ஆன்ட்டி, டிஸ்சார்ஜ் எழுதிட்டாங்க. பன்னெண்டுக்குள்ள வந்துருவோம். அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்" என்றாள். நாகரத்தினம் கத்தியைக் கீழே வைக்காமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முருங்கைக்காயை நறுக்கினாள். ரெஜினா டீச்சரின் குரல் ஒன்பது நாளில் இளைத்துப்போயிருந்தது. கேள்வி மட்டும் இளைக்கவில்லை. "செடிக்கு ஊத்தினீங்களாக்கா?" "ஊத்தினேன் டீச்சர்." "அவரைக்கொடி?" "பூ வச்சிருக்கு." "பூவா! ஆண்டவருக்குத் தோத்திரம். இந்த வெயிலுக்குக் கருகிடுமோன்னு பயந்துகிட்டே கெடந்தேன். தக்காளி?" "ரெண்டு பழுத்துது. மூணாவது நாளைக்குப் பழுத்துடும்." மூணாவது என்று சொன்னது நாகரத்தினத்துக்கே பிடித்திருந்தது. பழுத்திருக்கு என்று மொட்டையாகச் சொன்னால் அது பொய். மூணாவது நாளைக்கு என்று சொன்னால் அதில் ஒரு காம்பு இருக்கிறது, இலை மறைவு இருக்கிறது, குனிந்து இலையை விலக்கிப் பார்த்த ஒருத்தி இருக்கிறாள். அந்த ஒருத்தியை அவள் இந்த ஒன்பது நாளில் நன்றாக வளர்த்துவிட்டிருந்தாள். காலை ஆறரைக்கு எழுந்து மாடிப்படி ஏறி, குழாயைத் திறந்து, ஒவ்வொரு செடிப்பைக்கும் நிதானமாக ஊற்றி, புழு விழுந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு இறங்கி வருகிற நல்லவள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நாகரத்தினத்துக்கே அவளைப் பிடித்துப்போயிருக்கும். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றார் டீச்சர். "ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்க, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மேலே அவரையும் கிடையாது, பூவும் கிடையாது. ஒன்பது நாளாக, கத்திரி வெயிலில், அந்த மொட்டை மாடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

கொரட்டூரில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம் அது. லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் டீச்சர். அவருக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் நாகரத்தினம். அவளுக்கு நேர் மேலே மொட்டை மாடி, அதில் டீச்சரின் தோட்டம். கீழே டீச்சர், மேலே டீச்சரின் கீரை, நடுவில் தான் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அடுப்பை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்து ஃபேனுக்கு அடியில் நின்றாள். ஃபேன் மேலிருந்து சூட்டைத்தான் அள்ளி இறைத்தது. கூரை கொதித்தது. போன மாதம் வரைக்கும் இப்படி இல்லை. மேலே நூற்றுச் சொச்சம் பைகளில் ஈர மண் அடைத்து, அதற்கு மேல் பச்சை வலை கட்டி, அதற்கும் மேல் பந்தலில் அவரையும் புடலையும் படர்ந்து கிடந்ததில் வீடு குளிர்ந்துதான் கிடந்தது. "வீட்டுக்குள்ள நாலு டிகிரி குறைஞ்சிருக்கு, பாரு" என்று அவர் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக் காட்டினார். அவர் என்றால் தட்சிணாமூர்த்தி, அவள் புருஷன். தோட்டம் போட்ட வருஷம் முழுக்க அவளிடம் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிற வேலை. முப்பத்தொரு வருஷம் அலுவலகத்தில் கோடு போட்டுவிட்டு வீட்டில் வந்து சும்மா இருந்தவர். குழந்தை இல்லை என்று ஆனபிறகு இருந்த இரண்டொரு பேச்சும் நின்றுபோயிற்று. தட்டு வைத்தால் சாப்பிடுவார், போதும் என்பதற்குக் கையை விரிப்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். சண்டையாவது போட்டிருக்கலாம். அடித்திருந்தால்கூட ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே செய்யாத புருஷனைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? தங்கமான மனுஷன் என்றார்கள். தங்கம்தான். தங்கமும் பேசாது. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மறுமாதம், டீச்சர் மாடிக்கு மண்மூட்டை தூக்க ஆள் தேடினார் என்று உதவிக்குப் போனார். போனவர் போனவர்தான். சாப்பிடவும் தூங்கவும் இறங்கி வந்தார்.

தப்பாக ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தப்பு என்றால் ஒரு பெயர் இருக்கும். டீச்சர் கறுத்து, பருத்து, முட்டி வலியோடு நொண்டி நொண்டி நடக்கிற ஐம்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை. புருஷனை இழந்தவர், வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பார்க்கிறவர்களையெல்லாம் அக்கா தம்பி என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர். தட்சிணாமூர்த்தியை அண்ணன் என்றுதான் சொல்வார். நாகரத்தினம் ஒரே ஒரு தடவை சத்தம் போடாமல் படியேறி, மாடிக்கதவு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். இருவரும் நாலு முழம் தள்ளி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பொன்னாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, ஏதோ ஒரு பாலத்துக்கு வரைபடம் போட்ட கதை, அளவு தப்பி எஞ்சினியர் திட்டின கதை. அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததுதான், ஆனாலும் தெரியாது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கூரையில் காது முளைத்தது. அதற்கப்புறம் கீழே படுத்தால் மேலே நடப்பதெல்லாம் கேட்டது. நாற்காலி இழுபடுவது, பூவாளி தரையில் உட்காருவது, செருப்பு, அவருடைய செருப்பு, டீச்சரின் நொண்டல், பிறகு சிரிப்பு. பட்டப்பகல் பதினோரு மணிக்குத் தலைக்கு மேலே ஒருத்தர் மனம் விட்டுச் சிரிக்கிறார், அவர் உங்கள் புருஷன் என்றால் என்ன செய்வீர்கள்? அவள் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மேலே கப்பென்று அடங்கிற்று. அவ்வளவு சுலபமாக அடங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு அது வழக்கமாயிற்று. சிரிப்பு, இரண்டு தட்டு, அமைதி. ஒருவகையில் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் என்றுகூடத் தோன்றியது.

குழம்பில் புளியை விட்டுவிட்டுச் சாவியைப் பார்த்தாள். மாடிக்கதவுச் சாவி, டீச்சர் முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனது. "உங்களைத் தவிர யார்கிட்டயும் குடுக்க மனசு வரலக்கா. அண்ணன் வச்ச செடி பாதி." அன்று சாயங்காலமே அவள் ஏறிப் போனாள். ஊற்றத்தான் போனாள், அதை யார் வேண்டுமானாலும் நம்பலாம். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்தவள் முகத்தில் பச்சை வாசம் அடித்தது. மண்ணும் புதினாவும் தக்காளி இலையும் கலந்த வாசம். அவர் கடைசி இரண்டு வருஷம் அந்த வாசத்தோடுதான் பக்கத்தில் வந்து படுத்தார். ஒரு செடியும் வாடியிருக்கவில்லை. அவர் போன துக்கம் ஒரு இலையில்கூட இல்லை. கத்தரி காய்த்துத் தொங்கியது, மிளகாய் சிவந்து நின்றது, சிறுகீரை சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தது. தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். அரக்கில் மாம்பழ மஞ்சள் கரை. அவளுடைய சேலை. கல்யாணமான புதிதில் உடுத்தி, நைந்து, பீரோ அடியில் மூட்டை கட்டி வைத்திருந்த சேலை. கேட்காமல் எடுத்து, நீள நீளமாகக் கிழித்து, நாற்பது முடிச்சு போட்டிருக்கிறார். ஒவ்வொரு முடிச்சும் தண்டு நெரியாதபடி, நடுவில் ஒரு விரல் போகிற இடம் விட்டு, அத்தனை பதமாக. அந்தக் கைக்கு இத்தனை பதம் இருந்தது என்று தன் அறுபத்தொரு வயசில், அவர் செத்து ஏழு மாதம் கழித்து, ஒரு தக்காளிச் செடியிடமிருந்து அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குழாய்க்குப் போனவள் அதைத் திறக்கவில்லை. இறுக்கி மூடினாள். அது மூடித்தான் இருந்தது, இன்னும் இறுக்கினாள். மறுநாள் டீச்சர் போனில் கேட்டபோது "ஊத்தினேன்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்கு மறுநாள் யோசிக்காமல் வந்தது. அதற்கு மறுநாள் அவளே இரண்டு பிஞ்சு, நாலு பூ என்று சேர்த்துச் சொன்னாள். கீழே படுத்துக்கொண்டு, கூரை சூடேறுவதைத் தோலில் வாங்கிக்கொண்டு, இன்றைக்குக் கீரை போயிருக்கும், இன்றைக்கு மிளகாய் தலை சாய்ந்திருக்கும் என்று கணக்காக நினைத்துப் பார்த்தாள். வேர்வையில் பாய் நனைந்தது. ஃபேனைக்கூடச் சில சமயம் நிறுத்தினாள். அவை காய்கிறபோது தான் மட்டும் காற்று வாங்குவது சரியில்லை என்று தோன்றியது. இரக்கம் என்று சொல்ல முடியாது. கூட இருந்து பார்க்கிற ஆசை.

அந்தச் சத்தத்தை மட்டும் நினைக்கக்கூடாது. குழம்பு கொதித்தது, தீயைத் தணித்தாள். டீச்சருக்கு ரசம் வைக்கலாமா, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு மிளகு ரசம் நல்லது, மிளகு எங்கே, மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருக்கிறது, அதை ஏன் இன்னும் எறியவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பத்தே முக்கால் இருக்கும். மேலே தொப்பென்று ஒன்று விழுந்தது. கனமான ஒன்று. கூடவே பூவாளி உருண்டு போய்ச் சுவரில் முட்டுகிற சத்தம். மண்மூட்டை என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்தாள். தென்னைநார்த் தூள் மூட்டையை இப்படித்தான் தொப்பென்று போடுவார். பிறகு தேய்க்கிற சத்தம். சர், சர், என்று, சின்னதாக, விட்டு விட்டு. மூட்டையை இழுக்கிறார் என்று நினைத்தாள். மூன்று தடவை, நாலு தடவை. ஒரே இடத்தில். ஒரே இடத்தில் யாராவது மூட்டையை இழுப்பார்களா என்று அப்போது தோன்றவில்லை. தோன்றிற்றா? ஈர முடி முதுகில் சில்லென்று ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. எழுந்து கம்பை எடுத்தது நினைவிருக்கிறது. இரண்டு தட்டு. மேலே அடங்கிற்று. கப்பென்று, எப்போதும் அடங்குகிற மாதிரி. அவளுக்கு அப்போது ஒரு திருப்திகூட வந்தது. டீச்சர் காலை ஒன்பது மணிக்கே பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு உபவாச ஜெபத்துக்குப் போனதை அவள் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். மேலே அவர் தனியாகத்தான் இருக்கிறார் என்று தெரியும். சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. அப்படியென்றால் யாரைப் பார்த்துத் தட்டினாள்? எதை நிறுத்தச் சொன்னாள்? பதினொன்றேகாலுக்கு டீச்சர் திரும்பி வந்து நேராக மாடிக்குப் போய் அலறின அலறல் தெருவுக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்னப் பையன், கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒரு இருபது நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றான். அந்த இருபது நிமிஷத்தை டீச்சர் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார். "நான் ஜெபத்துக்குப் போகாம இருந்திருந்தா அண்ணன் பொழச்சிருப்பாரே" என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் அப்படிச் சொல்லாதீங்க என்றார்கள். நாகரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதத்தில் எத்தனை தடவை டீச்சர் அதையே சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை வரும் என்று பார்ப்பார். அவள் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நிமிஷத்தைச் சும்மா கடக்கவிட்டாள்.

மணி பதினொன்றைத் தாண்டியபோது ரசத்தையும் இறக்கி அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தாள். வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. படி இருபத்திரண்டையும் நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்ததும் வெயில் கண்ணில் குத்தியது. வாசம் இல்லை. வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த உலர்ந்த காரல் மட்டும் இருந்தது. அவரைக் கொடி பந்தலில் கறுத்த நூலாகத் தொங்கியது, தொட்டால் தூளாயிற்று. கத்தரிகள் சுருங்கித் தோல்பை மாதிரி ஆகியிருந்தன. கீரைப் பைகளில் கீரை இருந்த அடையாளமே இல்லை, மண் வெடித்துப் பையின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. தக்காளிச் செடிகள் மட்டும் விழவில்லை. அவர் போட்ட முடிச்சில், செத்த பிறகும் நிமிர்ந்து நின்றன. அவள் எதிர்பார்த்த சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. தொட்டியின் இணைப்பில் கசிந்த சொட்டு ஒரு பையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. புதினா. பை நிறைய, கொழுத்து, பளபளவென்று, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்பது நாள் அவளுக்குத் தெரியாமல் இது குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. குனிந்து பையின் காதைப் பிடித்து வெயிலுக்கு இழுத்தாள். பை நகர்ந்தது. கனமாக, கரகரவென்று, தரையைப் பிறாண்டிக்கொண்டு, நீளமாக ஒரே இழுப்பு. அவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். கர்ர்ர் என்று அதே சத்தம். பை இப்படித்தான் இழுபடும், மூட்டையும் இப்படித்தான் இழுபடும். அன்றைக்குக் கேட்டது இது இல்லை. அது லேசான சத்தம். ரப்பர் செருப்பின் குதிகால் சிமெண்டில் தேய்கிற சத்தம். மேலேயிருந்து கேட்பது வேறு, கீழேயிருந்து கேட்பது வேறு என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு வருஷம் படுத்துக்கொண்டு கேட்டவள் அவள். மூட்டைக்கும் செருப்புக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்தக் காதுக்குத் தெரியாததே கிடையாது. அவர் காலால் கூப்பிட்டிருக்கிறார். வாய் வரவில்லை, கை வரவில்லை, கீழே ஒருத்தி இருக்கிறாள், அவள் காது கேட்கும் என்று அவருக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு தட்டு. காலை நிறுத்திக்கொண்டார், சொன்னதைக் கேட்கிற மனுஷன்.

புதினாப் பையை வெயிலிலேயே விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மாறாக, இது இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. கீழே கார் வந்து நின்றது. பிரிசில்லா இறங்கினாள். டிரைவரும் காவலாளியும் டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நாகரத்தினம் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, ரசத்தையும் சாதத்தையும் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனபோது டீச்சர் கட்டிலில் சாய்ந்து, இடது முட்டியில் பெரிய கட்டோடு, அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். "அக்கா!" பிரிசில்லா, முப்பது வயசு, பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருப்பவள், "சாவி குடுங்க ஆன்ட்டி, அம்மாவுக்கு வீடியோ எடுத்துக் காட்டறேன், வழியெல்லாம் இதே புலம்பல்" என்று கையை நீட்டினாள். வேறு வழியில்லை. கொடுத்தாள். அவள் ஏறுகிற காலடி கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் நர்சுகளைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நாகரத்தினம் தட்டில் சாதத்தைப் பிசைந்தாள். வெகுநேரம் கழித்துப் பிரிசில்லா வந்து வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "என்னடி, எடுத்தியா?" என்றார் டீச்சர். "போன்ல சார்ஜ் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு. பச்சைப் பசேல்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, ஒரு நிமிஷம் கிச்சனுக்கு வாங்க, மாத்திரை எதுன்னு பாக்கணும்" என்றாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அடக்கி, "ஒரு நாள் கூடவா ஆன்ட்டி? ஒரே ஒரு நாள் கூடவா ஊத்தல? தினம் போன்ல அவ்வளவு சொன்னீங்களே" என்றாள். நாகரத்தினம் அவளைப் பார்த்தாள். சொல்வதற்கு எதுவும் தயாராக இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அது அழகாக வந்தது. "என்னால அங்க நிக்க முடியலம்மா. அவர் விழுந்த இடம். கதவைத் தொறந்தா அவர்தான் கெடக்கறார். உங்கம்மாகிட்ட அதச் சொல்லி ஆபரேஷன் நேரத்துல மனச ஒடைக்க வேணாம்னு பாத்தேன்." அதில் எது பொய் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பிரிசில்லாவின் முகம் உடைந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நாங்க யோசிக்கவே இல்லையே. உங்களைப் போய் அங்க போகச் சொல்லியிருக்கோமே. மன்னிச்சிருங்க ஆன்ட்டி" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாகரத்தினம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சின்னப் பெண்ணின் முதுகு, வேர்வையில் சூடாக இருந்தது. "அம்மாவுக்கு எப்படியும் ரெண்டு மாசம் படியேற முடியாது. நான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டுப் புதுசா வச்சிடறேன். அம்மாவுக்குத் தெரியவே வேணாம்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனாள்.

டீச்சர் இரண்டு வாய்ச் சாதம் வாங்கிக்கொண்டார். மூன்றாவதுக்கு வாயைத் திறக்கவில்லை. "போதுமா?" "இல்லக்கா, ஒண்ணு கேக்கணும். மயக்க ஊசி போடறாங்க, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொல்றாங்க. எனக்கு ஜெபம் வரல. உங்க மொகம்தான் வந்துது. நான் அன்னிக்குப் போகாம இருந்திருந்தான்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். எல்லாரும் உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லன்னாங்க. ஃபாதர் சொன்னார், என் பொண்ணு சொன்னா. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லலை. நீங்க சொல்லாத வரைக்கும் மத்தவங்க சொன்னது எதுவும் எனக்குள்ள எறங்கலக்கா. இன்னிக்குச் சொல்லிடுங்க. எதுவானாலும் பரவாயில்ல." சொல்லிவிட்டு எப்போதும் போல் நிறுத்தினார். நாகரத்தினத்தின் கையில் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே அந்தப் பெரிய கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒரு ஆளைச் சிரிக்க வைக்கத் தெரிந்த முகம். நான் தட்டினேன் டீச்சர் என்று சொல்லலாம். மூன்று வார்த்தை. நாக்கு நுனிவரை வந்து நிற்கிற மூன்று வார்த்தை. சொன்னால் இவர் இன்றோடு எழுந்துவிடுவார், முட்டி ஆறுகிறதோ இல்லையோ. சொன்னால் இந்தக் கண் தன்னைப் பார்க்கிற விதம் மாறிவிடும். சொன்னால் அவர் கடைசியில் கூப்பிட்டது தன்னைத்தான் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், அதையும் எடுத்துக்கொள்வாளா? "நீங்க அன்னிக்கு இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாள். தன் குரல் இத்தனை மெதுவாக, இத்தனை கனிவாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. "அவர் இருந்திருப்பார் டீச்சர்."

டீச்சர் கண்ணை மூடினார். மார்பு ஒரு தடவை ஏறி இறங்கியது. அலறப் போகிறார், கத்தப் போகிறார், தட்டைத் தள்ளப் போகிறார் என்று நாகரத்தினம் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனால் டீச்சர் தலையை மெல்ல ஆட்டினார். மூடின கண்ணிலிருந்து நீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. "ஆமாக்கா" என்றார். "எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும். எல்லாரும் பொய் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க." சாதம் ஒட்டின அவள் கையைத் தேடிப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "இந்த வேதனையோட நீங்க என்கிட்ட ஒரு நாள் மொகம் கோணினதில்ல. நான் வச்ச செடிக்குப் போய்த் தண்ணி ஊத்தினீங்க. எனக்குச் சோறு ஊட்டறீங்க. நான் எப்படிக்கா இந்தக் கடனத் தீர்ப்பேன்? தினம் வாங்கக்கா. கொஞ்ச நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்க. இத வேற யார்கிட்டயும் பேச முடியாது எனக்கு." கன்னம் நனைந்து சூடாக இருந்தது. நாகரத்தினம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், டீச்சர் விடவில்லை. "வர்றேன் டீச்சர்" என்றாள். டீச்சர் வாயைத் திறந்து காத்திருந்தார். நாகரத்தினம் இடது கையால் தட்டைக் கிட்டே இழுத்து, பிடிபட்ட கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அடுத்த கவளத்தை உருட்டினாள்.